கொலஸ்டிரால் நிறுத்தப் பார்த்த கல்யாணம்

லேபுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, இரண்டு குழாயில் ஒரே எண் வந்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? மனசு துள்ளும். ஆஹா, நம் கை எவ்வளவு நேர்த்தி என்று நினைப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தத் துள்ளலில் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம், தப்பு செய்தவள் நான், அந்தக் கட்டடம் என்ன செய்யும் பாவம். அங்கே ரத்தப் பரிசோதனை லேபில் நான் டெக்னீஷியன். வயது இருபத்து மூன்று, சேர்ந்து ஒன்றரை வருஷம். எனக்குத் தெரியாதது எதுவும் இந்த லேபில் இல்லை என்று முழுசாக நம்பிய காலம். உங்களில் இரண்டு பேர் முகத்தில் இப்போது அந்த நம்பிக்கையைப் பார்க்கிறேன். இருக்கட்டும், நல்லதுதான்.

எங்கள் லேபின் தலைவர் ஒரு டாக்டர். கெட்டிக்காரர், சத்தக்காரர். புதிதாக ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அந்த மனிதரால் நாற்காலியில் உட்கார முடியாது. எழுந்து நடப்பார், மேஜையைத் தட்டுவார், பேனாவை மூடி போடாமலே சட்டைப் பையில் செருகுவார். சலவைக்குப் போகிற சட்டையில் இருக்கும் மைக்கறையை எண்ணினாலே அந்த வாரம் அவருக்கு எத்தனை விஷயம் புரிந்தது என்று சொல்லிவிடலாம்.

ஒரு நாள் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் கூட்டிவந்தார்கள். பேர் செல்வி. மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு மீனவக் குப்பம். ஓடி விளையாடினால் மார் வலிக்கிறது என்று சொன்னாள். எட்டு வயதில் மார்வலி! விரல் முட்டியிலும் முழங்கையிலும் குதிகாலுக்கு மேலேயும் மஞ்சள் மஞ்சளாகக் கட்டிகள். மரு என்று நினைத்து ஊரில் சுண்ணாம்பு தடவியிருந்தார்கள்.

அவள் ரத்தத்தில் கொலஸ்டிரால் பார்த்தேன். அமிலத்தை ஊற்றினால் கொலஸ்டிரால் இருக்கிற அளவுக்கு நிறம் ஏறும். குழாயில் நிறம் ஏறிய வேகத்தில் பயந்துபோனேன். கருவி முள் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அமிலத்தில் ஏதோ கோளாறு என்று கொட்டிவிட்டுத் திரும்பச் செய்தேன். திரும்பவும் அதேதான். நீர்த்துப்போக வைத்து, பெருக்கிக் கணக்கிட்டால் எழுநூற்றுக்கும் மேலே. பெரியவர்களுக்கே இருநூறு இருந்தால் போதும் என்று படித்தவள் நான். எண்ணைத் தாளில் எழுதவே கை வரவில்லை.

டாக்டரிடம் போனேன். அவர் தாளைப் பார்த்தார், எழுந்தார், நடந்தார், மேஜையைத் தட்டினார். பேனா பைக்குள் போயிற்று.

வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற பத்திரிகைகள் எங்களுக்குச் சில மாதம் தாமதமாகக் கிடைக்கும். அப்படி வந்த ஒன்றில் அவர் படித்திருந்தார். எனக்கு அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் செல்களின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. ரத்தத்தில் மிதந்து வருகிற கொலஸ்டிராலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வது அதன் வேலை. உள்ளே போதுமான அளவு வந்ததும் செல் தானாகக் கொலஸ்டிரால் செய்வதை நிறுத்திக்கொள்ளும். அந்தப் புரதம் இல்லாவிட்டால் கொலஸ்டிரால் ரத்தத்திலேயே நிற்கும். செல்லோ, உள்ளே ஒன்றும் வரவில்லையே என்று செய்துகொண்டே போகும். புரதத்தைச் செய்யச் சொல்லும் ஜீன் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி வரும். ஒன்று பழுதானால் ரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறும், நடுவயதில் மாரடைப்பு வரலாம். இரண்டும் பழுதானால் செல்வி.

“அப்போ இந்தக் குழந்தையோட அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணு பழுது!” என்று டாக்டர் கத்தினார். வராந்தாவில் இருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். “அப்படின்னா அவங்க கூடப் பொறந்தவங்களுக்கு? ஏம்மா, அந்தக் குழந்தையோட அம்மாவைக் கூப்பிடு!”

செல்வியின் அம்மா வந்து விவரம் சொன்னாள். செல்வியின் அப்பாவுக்கு ஒரு தங்கை, பேர் பூங்காவனம். செல்வியின் அம்மாவுக்கு ஒரு தம்பி, பேர் தேசப்பன். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வழக்கப்படி அந்தத் தங்கைக்கும் இந்தத் தம்பிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வருகிற வாரம் வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.

டாக்டர் விரலை மடக்கினார். இரண்டு பேருக்கும் பழுது இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து, இன்னொரு செல்வியாகப் பிறப்பதற்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஜீப் எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். யாரும் சாப்பிடாமல் இருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். அந்தக் குடும்பத்து ஆட்கள் முப்பது பேர் வலைக் கொட்டாயில் காத்திருந்தார்கள். நாஸ்தா எப்போது கிடைக்கும் என்பதுதான் எல்லாருக்கும் கவலை. கவிழ்த்த மீன் கூடைமேல் நான் உட்கார்ந்தேன். ஆள் வரும், பேரைச் சொல்லும், கையை நீட்டும். நான் நரம்பைப் பார்ப்பேன், ஊசியைச் செருகுவேன், குழாயில் பேர் எழுதுவேன். அடுத்த ஆள். கொட்டாயின் மறு கோடியில் டாக்டர் யாரோ ஒரு பெரியவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். மெதுவாகப் பேசுவதாகத்தான் அவருக்கு நினைப்பு. எனக்கே கேட்டது: “பொண்ணுக்கும் இருந்துச்சுன்னா கல்யாணத்தை நிறுத்தித்தான் ஆகணும்!”

இதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கவனம் முழுக்க நரம்பில். நடுவில் நாகம்மா என்று ஒருத்தி வலது கையை நீட்டினாள். பூங்காவனத்தின் பெரியப்பா மகள், மீன் கூடை சுமந்து ஊர் ஊராக விற்கிறவள். அடடா, அந்த நரம்பு! கயிறு மாதிரி எழுந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பூங்காவனம் என்று ஒரு குரல், முந்தானைக்கு அடியிலிருந்து ஓர் இடது கை. அதுவும் அப்படியே. “உங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் நரம்பு எவ்வளவு எடுப்பா இருக்கு!” என்று நான் பாராட்டினேன். முந்தானைக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கல்யாணப் பெண், வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை எல்லா முடிவும் வந்துவிட்டது. செல்வியின் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் உயர்வு, டாக்டர் சொன்னபடியே. தேசப்பன் நானூற்றுக்குப் பக்கத்தில். நாகம்மா முந்நூற்று எண்பத்தெட்டு. பூங்காவனம் முந்நூற்று எண்பத்தெட்டு.

டாக்டர் அறையைச் சுற்றி இரண்டு தரம் வந்தார். “பாரும்மா! அக்கா தங்கச்சி, ஒரே தாத்தா, ஒரே ஜீன், ஒரே எண்! பத்திரிகையில எழுதணும்மா இதை!” பிறகுதான் அவருக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. முகம் சுருங்கிவிட்டது. “நாளைக்குப் போயி சொல்லிடலாம். கல்யாணம் வேணாம்னு.”

நான் என் மேஜைக்குத் திரும்பினேன். எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். கொஞ்ச நேரத்தில் பூரிப்பு அடங்கியது. வேறு ஏதோ உறுத்தியது. ஒரே ரத்தத்தை இரண்டு தடவை வைத்தால்கூட இரண்டு மூன்று முன்னே பின்னே வருகிற காலம் அது. இரண்டு மனுஷிகளுக்கு எப்படி அச்சு அசல் ஒரே எண்?

இரண்டு குழாயிலும் மிச்சம் இருந்தது. சர்க்கரை பார்த்தேன். எண்பத்து நாலு, எண்பத்தைந்து. யூரியா பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்திரண்டு. ரத்த வகையும் ஒன்றே. ஒரே ஆளின் ரத்தம் இரண்டு குழாயில் இருக்கிறது! அப்படியானால் நான்தான் எங்கேயோ ஒரு குழாயை இரண்டாகப் பிரித்துப் பேர் மாற்றி எழுதியிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தப் போகிறேன். என்ன செய்வீர்கள்? டாக்டர் சந்தோஷமாக இருக்கிறார். யாருக்கும் சந்தேகம் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பேர் பத்திரிகையில்கூட வரும். வாயைத் திறந்தால் வேலை போகலாம். ஐந்து நிமிஷம், சரியாக ஐந்து நிமிஷம், வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் நினைத்தேன். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. அப்புறம், முகமே பார்த்திராத அந்தக் கல்யாணப் பெண்ணிடம் நாளைக்கு இந்த எண்ணைச் சொல்வார்களே என்று நினைத்தேன். எழுந்து போனேன்.

“சார், நான் தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்.”

சொல்லி முடித்ததும் அவர் போட்ட சத்தம் வராந்தாவைத் தாண்டிக் கேட்டிருக்கும். “படிச்சவளா நீ? ஒரு பேரு எழுதத் தெரியாதா?” நான் நின்றேன். அவர் ஜன்னலோரம் போய் நின்றார். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது. “வேலையில தப்பு பண்ணாதவங்க இல்ல. நீ சொல்லாம இருந்திருந்தா நாளைக்கு நான் போயி என்ன பண்ணியிருப்பேன்? போ. இப்பவே பஸ் பிடி. திரும்ப ரத்தம் எடுத்துக்கிட்டு வா.”

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். ஊசி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவரை மனசுக்குள் திட்டிக்கொண்டு, மாமல்லபுரத்தில் இறங்கி இன்னொரு வண்டி பிடித்துக் குப்பத்துக்குப் போனபோது மதியம் தாண்டிவிட்டது. பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரே ஆரவாரம்.

“டாக்டரம்மா வந்துகீறாங்க! கண்ணாலத்துக்கு மூணு நாள் முன்னாடியே வந்துட்டாங்கடி!”

நான் டாக்டர் இல்லை என்று சொல்வதற்குள் ஓலைத் தடுக்கில் உட்கார வைத்து, மீன் குழம்போடு சோற்றைப் போட்டுவிட்டார்கள். பசி வேறு. சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்: “பூங்காவனத்தைக் கொஞ்சம் கூப்பிடுங்க. இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்.”

அடுத்த வினாடி பின்பக்கத் தட்டி படாரென்று திறந்தது. மஞ்சள் பூசிய ஒரு பெண் வெளியே பாய்ந்து சவுக்குத் தோப்பை நோக்கி ஓடினாள். அவளை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை! ஞாயிற்றுக்கிழமை முப்பது கைகளைப் பார்த்த எனக்கு ஒரு முகம்கூட ஞாபகமில்லை என்பதும், அந்த ஓடுகிற முதுகு மெலிந்த முதுகு என்பதும், நான் பாராட்டிய இரண்டு கைகளும் மெலிந்தவை அல்ல என்பதும் ஒரே சமயத்தில் எனக்கு உறைத்தது.

எச்சில் கையோடு எழுந்து ஓடினேன். ஒரு கையில் ஊசி டப்பா, மறு கையில் புடவைக் கொசுவம். மணலில் கால் புதைகிறது. பின்னால் நாலு நாய், அதற்குப் பின்னால் பிள்ளைகள் கூட்டம், பந்தல் மேலிருந்த ஆட்கள் ஓலையைப் போட்டுவிட்டுக் கைதட்டுகிறார்கள். படகடியில் நின்றிருந்த ஒரு வாலிபன் வாயைப் பிளந்தான். அவன்தான் மாப்பிள்ளை தேசப்பன்.

“இன்னாம்மா இது, எங்க வூட்டுப் பொண்ண தொரத்திகினு ஓடற?”

“ரத்தம்!” என்று கத்தினேன். மூச்சிரைப்பில் வேறு வார்த்தை வரவில்லை. அவன் வெலவெலத்துப் போனான்.

தோப்பில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு பூங்காவனம் நின்றாள். அவளாலும் ஓட முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. இரண்டு பேரும் மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இளைத்தோம். அதற்குள் நாகம்மா வந்து சேர்ந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

“இன்னாத்துக்கு அந்தப் புள்ளைய பேஜார் பண்ற? நான்தான் குடுத்தேன். ரெண்டு கையும் என்துதான். இன்னா இப்போ?”

“ரெண்டு கையும்…?”

“வலது கை என் பேருக்கு. இடது கை அவ பேருக்கு. நீதான் தலையே தூக்கல. மூஞ்சிய ஒரு தபா பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். எடுப்பான நரம்புன்னு வேற சொன்ன!”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் பேர் மாற்றி எழுதவில்லை என்பதே போதும் என்று இருந்தது. மணலில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“அந்த டாக்டரு பேசிகினு இருந்தாரும்மா,” என்றாள் பூங்காவனம். “என் ரத்தத்துல அது இருந்துச்சுன்னா கண்ணாலத்த நிறுத்திடுவேன்னு. எனக்கு மாமான்னா…” என்று மரத்தைப் பார்த்துக்கொண்டாள். “நாகம்மாக்காவுக்கு ஒரு நாள் ஜொரம்கூட வந்ததில்ல. கல்லு மாதிரி கீது. அதும் ரத்தம் நல்ல ரத்தமா இருக்கும்னுதான் கெஞ்சிக் கேட்டேன்.”

கல்யாணத்தைக் காப்பாற்ற அவள் பொறுக்கி எடுத்த ரத்தம்தான் கல்யாணத்தை நிறுத்தப் போன ரத்தம்! அந்த ரகசியம் அந்தத் தோப்பில் எனக்கு மட்டுமே தெரியும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். நாகம்மாவின் முடிவை நாகம்மாவிடம் தனியாக, டாக்டரை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். பத்துப் பிள்ளைகளும் நாலு நாயும் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லக்கூடாது.

“பூங்காவனம், இப்போ உன் கையைக் கொடு. உனக்கு இருக்கா இல்லையான்னு நிஜமா எனக்குத் தெரியாது. இருந்தா, கல்யாணம் பண்ணிக்கறதா வேணாமான்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணலாம். தெரியாமலே பண்ணிக்கிட்டா செல்வி மாதிரி ஒரு குழந்தை வந்து நிக்கும்போது என்ன செய்வே?”

செல்வி பேரைச் சொன்னதும் அழுகை நின்றது. அண்ணன் மகள் அல்லவா. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“குடுக்கறேன். ஆனா இன்னா வந்துச்சுன்னு முதல்ல என்கிட்டதான் சொல்லணும். அந்த டாக்டருக்கும் முன்னாடி. ஊருக்கெல்லாம் கொட்டாயில சொல்லிகினு இருக்கக்கூடாது.”

“சத்தியமா,” என்றேன்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். இன்றைக்கு யோசித்துப் பார்த்தாலும் அதையேதான் சொல்வேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன், பேரைச் சொல்லச் சொன்னேன், ஊசியைச் செருகினேன். மெல்லிய நரம்பு, இரண்டு தடவை தேட வேண்டியிருந்தது. பூங்காவனம் கண்ணை இறுக மூடிக்கொண்டு நாகம்மாவின் கையை நசுக்கினாள்.

பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது தேசப்பன் வந்து கொஞ்சம் தள்ளி நின்றான். குதிகாலுக்கு மேலே தசைநார் தடித்திருப்பதைக் காட்டினான். “எனக்குக் கீதுன்னு எனக்குத் தெரியும். செல்விக்கு இருக்கற மாதிரியே. அவளுக்கும் இருந்துச்சுன்னா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நானே வாணாம்னு சொல்லிட்டுப் போறேன். அவளால நின்னுச்சுன்னு யாரும் பேசக்கூடாது.” அவளுக்குச் செய்த சத்தியத்தை நினைத்து, ஊசி டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். நல்லவேளை பஸ் வந்தது.

புதன்கிழமை காலை லேபைத் திறந்தவள் நான்தான். குழாயில் அமிலத்தை ஊற்றிவிட்டு நிறம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறியது, கொஞ்சம் ஏறியது, நின்றுவிட்டது. அவ்வளவுதான்! வெளிறிய நிறம்! பக்கத்தில் நாகம்மாவின் பழைய குழாயையும் சேர்த்து வைத்திருந்தேன், அது கருத்துக்கொண்டே போனது. பூங்காவனம் நூற்று எழுபத்திரண்டு. திரும்ப வைத்தேன். நூற்று எழுபது. குதித்தேன். குதித்ததில் ஸ்டூல் விழுந்தது, அதன் மேல் இருந்த குவளை விழுந்து உடைந்தது. சத்தம் கேட்டு டாக்டர் ஓடிவந்தார்.

“என்னம்மா? என்ன வந்துச்சு?”

“சொல்ல முடியாது சார்.”

“என்னது?”

“அவகிட்டதான் முதல்ல சொல்றேன்னு சத்தியம் பண்ணிட்டேன். நேத்து கொட்டாயில நீங்க பேசினது அவ காதுல விழுந்திருக்கு சார். அதனாலதான் இவ்வளவும்.” நேற்று இல்லை, ஞாயிற்றுக்கிழமை. பயத்தில் நாள்கூடத் தப்பாக வந்தது. நாகம்மாவின் இரண்டு கை விவகாரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

இந்தத் தடவை உண்மையிலேயே வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். டாக்டர் என்னையே பார்த்தார். மூக்கு துடித்தது. அது கோபம் இல்லை என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆனது.

“சரி. நான் காதைப் பொத்திக்கிறேன். ஜீப்பில ஏறு.”

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை அந்த ஜீப்பில் நான் பட்ட பாடு! முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டர் முன் சீட்டிலிருந்து அடிக்கடி திரும்பி என் முகத்தைப் படிக்கப் பார்த்தார். டிரைவரும் கண்ணாடியில் பார்த்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது வெளியே ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது, அதைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி சிரித்துவிட்டேன். “ஆங்!” என்றார் டாக்டர். “மாட்டைப் பாத்து சிரிச்சேன் சார்.” “எந்த மாடும் அவ்வளவு வேடிக்கை இல்லம்மா,” என்று சொல்லிவிட்டு அவரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். டிரைவருக்கு ஒன்றும் தெரியாது, அவரும் சிரித்தார். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே குப்பத்துக்குள் போய் இறங்கினோம்.

பூங்காவனத்துக்கு நலங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து அவள் காதில் சொன்னேன். அவள் போட்ட கூச்சலில் நலங்குப் பெண்கள் தட்டைக் கீழே போட்டார்கள். என்னைக் கட்டிக்கொண்டாள். புடவை முழுக்க மஞ்சள். “நான் காதைத் திறக்கலாமா?” என்று வாசலில் இருந்து டாக்டர் கேட்டார்.

அவர் திறந்த பிறகு, பூங்காவனத்தையும் தேசப்பனையும் உள்ளே உட்கார வைத்து, நிஜமாகவே மெதுவாக மீதியையும் சொன்னார். தேசப்பனுக்குப் பழுது இருக்கிறது. பிறக்கிற குழந்தைக்கு அது வருவதும் வராததும் பாதிக்குப் பாதி. ஆனால் செல்வி அளவுக்கு வராது. பீடியை விட வேண்டும், வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும். மாத்திரை என்று இன்றைக்குப் பெரிதாக எதுவும் இல்லை, வரும்.

தேசப்பன் இடுப்பிலிருந்த பீடிக் கட்டை எடுத்தான். அதைப் பூங்காவனம் பிடுங்கிக்கொண்டாள். “பாதிக்குப் பாதின்னா பரவால்ல டாக்டரே. கட்டுமரத்துல போறவர கட்டிக்கறேன், அதுக்கு இன்னா கணக்கு வெச்சிகினா போறோம்?” என்றாள்.

நாகம்மாவை நானும் டாக்டரும் தனியாகக் கொட்டாய்க்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னோம். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்போ என்து தான் அந்த ரத்தமா?”

“ஆமாம்மா,” என்றார் டாக்டர்.

“தங்கச்சி கண்ணாலம் நடக்கணும்னு ரெண்டு கையையும் குடுத்துட்டு, நிறுத்தப் பாத்தது நானா!” என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், பிறகு வெறுமனே அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வது? எண்ணைச் சொல்லிவிட்டு உடனே எழுந்து போகக்கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். முந்தானையால் மூக்கைத் துடைத்த பிறகு அவள் கேட்டது: “அது இன்னாது டாக்டரே, செல்லுமேல இன்னாவோ சொன்னியே, அது எனக்கும் சொல்லு.” டாக்டர் மணலில் படம் போட்டு விளக்கினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “கரையில இழுக்கற ஆளு பாதிதான் கீது, அதான் வலை தண்ணிலயே நிக்குது. அவ்ளோதானே?” என்றாள். டாக்டர் துள்ளி எழுந்தார். பேனா பைக்குள் போயிற்று.

அதற்கப்புறம் அவள் இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் லேபுக்கு வந்துகொண்டிருந்தாள். டாக்டர் வரும் என்று சொன்ன மாத்திரை வந்தபோது முதலில் சாப்பிட்டவர்களில் அவளும் ஒருத்தி. செல்விக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பதின்மூன்றாவது வயதில் போய்விட்டாள். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு லேபே திரண்டு போனோம். கடற்காற்றில் பந்தல் ஆடியது, தாலி கட்டும் நேரத்தில் ஓலை ஒன்று பறந்து வந்து டாக்டர் தலையில் விழுந்தது. செல்வி மாமாவின் மடியைவிட்டு இறங்க மாட்டேன் என்றாள். கடைசியில் அவளை மடியில் வைத்துக்கொண்டேதான் தேசப்பன் தாலி கட்டினான்.

சனிக்கிழமை லேபில் ரிஜிஸ்டரை எடுத்தேன். பூங்காவனம் பேருக்கு நேரே இருந்த முந்நூற்று எண்பத்தெட்டைச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு அடித்தேன், கீழே இருப்பது தெரிகிற மாதிரி. பக்கத்தில் எழுதினேன்: “ஆள் முகம் பார்க்காமல் எடுத்த ரத்தம். என் தவறு.” கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் நீட்டினேன்.

அவர் படித்தார். என் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கினார். அதற்குக் கீழே எழுதினார்: “சம்பந்தப்பட்டவர் காதில் விழும்படி சத்தமாகப் பேசியது, என் தவறு.” அவரும் கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்டரை மூடிவிட்டு, மூடி போடாத சிவப்புப் பேனாவை வெள்ளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வார்டுக்குப் புறப்பட்டார். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்தான்.